அகலமாகிப்போன காம்பவுண்டு

தனுஷ்கோடி அண்ணன் தன்னோட கல்யாண வீடியோவ எட்டு வீட்டு டிவியிலயும் ஒரே நேரத்துல ஓடவிட்ட அன்னைக்கு, விளக்கு வைக்கிற நேரத்துல, எங்க காம்பவுண்டு பக்கவாட்டுல அகலமாயிருச்சு. இடி இடிக்கல, பூமி ஆடல, குழாயடியில படுத்திருந்த பூனைகூட எந்திரிக்கல. டிவியில தாலி கட்டுற இடம் வந்துச்சு, கெட்டிமேளம் கொட்டுச்சு, நாங்க எட்டு வீட்டுக்காரங்களும் அவங்கவங்க வீட்டுல உக்காந்தபடியே அரிசி போடுற மாதிரி கையத் தூக்கினோம், தூக்குன கை தடியா இருந்துச்சு. திரும்பிப் பாத்தா வாசப்படி அகலம், குடம் அகலம், புருசன் பொண்டாட்டி எல்லாம் அகலம். உசரம் மட்டும் எல்லாத்துக்கும் அதே பழைய உசரந்தான்.

ஏன் நடந்துச்சுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க. வந்தவன் போனவனெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தக் கேள்வியக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. என்ன நடந்துச்சுன்னு வேணா சொல்றேன்.

மதுரையில காம்பவுண்டு வீடுன்னா தெரியுந்தானே. ஒரே கேட்டு, உள்ள நுழைஞ்சா இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, நடுவுல குழாயடி, கோடியில குளிக்கிற ரூமு. முதல் வீட்டுல தனுஷ்கோடி அண்ணனும் தமயந்தி மதினியும். அவரு வீட்டு ஓனரு இல்ல, எங்கள மாதிரி வாடகைக்கு இருக்கவருதான், ஆனா லாரி புக்கிங் ஆபீசுல முப்பது வருசம் அதிகாரம் பண்ணிப் பழகுன வாயி, இங்கயும் அதே அதிகாரம். மூணாவது வீடு என்னுது. என் பேரு மகுடேஸ்வரி, அப்படி யாரும் கூப்பிடுறதில்ல, மாவக்கான்னாத்தான் தெரியும். ரெண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி இந்தத் தெருவுக்கே குடுக்கிறவ நான். ஆறாவது வீட்டுல வெல்டிங் பட்டறைக்குப் போற இருளப்பனும் அவன் பொண்டாட்டி பூங்கோதையும். பூங்கோதைக்கு அப்ப ஆறு மாசம். மத்த வீட்டுக்காரங்க இருந்தாங்க, இருக்காங்க, அவங்கள நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.

அண்ணனுக்கு அறுவது முடிஞ்சுச்சு. அறுவதாம் கல்யாணத்தக் கோயிலுக்குப் போய்ச் செய்ய முடியல, மதினிக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. அப்ப என்ன செய்யலாம்னு அவரு யோசிச்சு, முதக் கல்யாணத்தோட வீடியோ கேசட்ட ஒரு ஸ்டூடியோவுல குடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாத்திட்டு வந்தாரு. எங்க எட்டு வீட்டுக்கும் ஒரே வை-ஃபை, பெட்டி அவரு வீட்டுலதான் மினுக்கிக்கிட்டு இருக்கும். அதனால அவரு வீட்டுக் கம்ப்யூட்டர்ல படத்தப் போட்டா எட்டு டிவியிலயும் தெரியும்படி ஏற்பாடு. முதல்ல அவரு வீட்டு டிவியில மட்டும் போட்டுப் பாத்தாரு. நானும் பக்கத்துல இருந்தேன். படம் நடுவுல சதுரமா நின்னுச்சு, ரெண்டு பக்கமும் கருப்பாக் கிடந்துச்சு.

"என்ன இது, மங்கல காரியத்துல ரெண்டு பக்கமும் கருப்புத் துணி கட்டுன மாதிரி?" அப்படின்னாரு. "நாப்பத்து மூணு இஞ்சு டிவி வாங்கிட்டு நடுவுல மட்டும் பாக்கவா?"

ரிமோட்ட வாங்கி அமுக்கினாரு, அமுக்கினாரு, எங்கெங்கயோ போய் 'ஃபுல்'லுன்னு ஒண்ணக் கண்டுபிடிச்சாரு. படம் டிவி பூராவும் நிறைஞ்சுச்சு. கருப்பு போச்சு. ஆனா படத்துல இருந்த அம்புட்டுப் பேரும் உப்பிப் போனாங்க. மதினி அண்டா மாதிரி உக்காந்திருந்தாங்க, அய்யரு ரெண்டு ஆளு அகலத்துல மந்திரம் சொன்னாரு. நான் சிரிச்சுட்டேன். அண்ணனுக்கு மட்டும் ரொம்பத் திருப்தி. அந்தக் காலத்துல அவரு நோஞ்சானா இருந்தவரு, இப்பத்தான் மாப்பிள்ளைக் களை வந்திருக்குன்னாரு. சாயங்காலம் எல்லாரும் அவங்கவங்க வீட்டுல போய் உக்காந்ததும் அப்படியே எட்டு வீட்டுக்கும் அனுப்பிவிட்டாரு. தாலி கட்டுற இடம் வந்ததுதான் தாமதம், மேல சொன்னது நடந்துச்சு.

கம்ப்யூட்டர அணைச்சோம், டிவிய அணைச்சோம், வை-ஃபை பெட்டியோட வயரப் பிடுங்கிப் போட்டோம், மறுநா தெருவுல கரண்டே போச்சு, அப்பவும் அகலமானது அகலமானதுதான். கேட்டத் தாண்டி வெளிய கால வச்சா பழையபடி ஆயிருவோம், உள்ள வச்சா மறுபடி அகலம். வீட்டுக்கு வந்த விருந்தாளியும் அப்படித்தான், அவங்க கொண்டுவந்த வாழைப்பழமும் அப்படித்தான். தபால்காரரு கேட்டுக்கு வெளிய நின்னு கைய மட்டும் உள்ள நீட்டுவாரு, முழங்கையிலருந்து இங்கிட்டு ஒரு ஆளு கை, அங்கிட்டு வேற ஆளு கை. கையெழுத்து வாங்கிட்டு, கைய வெளிய இழுத்து ஒருதரம் பாத்துட்டு, சைக்கிள்ல ஏறிப் போயிருவாரு.

முதல் வாரம் அதிசயம், ரெண்டாவது வாரம் பேச்சு, மூணாவது வாரம் பழக்கம். மனுசனுக்கு எது பழகாது சொல்லுங்க. அஞ்சாம் வீட்டுக்காரங்க ரூமு பெருசாயிருச்சுன்னு சந்தோசப்பட்டாங்க, டேப்பு கொண்டுவந்து அளந்தா அதே பத்தடி, ஏன்னா டேப்பும் அகலமாயிருச்சு. அப்ப பெருசானது நெசமா இல்லையான்னு அவங்க புருசனும் பொண்டாட்டியும் இன்னைக்கு வரைக்கும் சண்டை போடுறாங்க. வாசல்ல வட்டமாப் போட்ட கோலம் முட்டையாத் தெரியும், முட்டையாத் தெரியுதேன்னு நெருக்கிப் போட்டா, அது சரியா இருக்கா இல்ல நம்ம கண்ணுதான் அகலமாப் பாக்குதான்னு ஒரே குழப்பம். கண்ணாடியில முகத்தப் பாத்தா, இது நானா, நான் இப்படி ஆனதா, இல்ல முன்னாடி இருந்ததுதான் நெருக்கிப் பிடிச்சு வச்சிருந்த முகமா, ஒண்ணும் புரியாது. பொண்ணு பாக்க வர்றவங்கள மட்டும் எதுத்த டீக்கடையில உக்கார வச்சுப் பொண்ண வெளிய கூட்டிட்டுப் போய்க் காட்டுறதுன்னு ஒரு வழக்கம் தானா வந்துருச்சு. அதுல ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரரு, வெளியவும் பாத்தோம், உள்ளயும் பாக்கணும்னாரு, பாத்துட்டு உள்ள இருக்கிறதுதான் லட்சணம்னு முடிச்சுட்டுப் போனாரு.

எல்லாம் பழகுச்சு, ஒண்ணத் தவிர. சுத்துற சாமான் எதுவும் சுத்தல. வட்டம்னு ஒண்ணு இருந்தாத்தானே சுத்துறதுக்கு. ஃபேனு சுத்தல, சைக்கிள் சக்கரம் உருளல, தண்ணி மோட்டார் உறுமிட்டு நின்னுச்சு, தெருக்குழாயில பிடிச்சுத் தூக்கிட்டு வந்தோம். என் கிரைண்டர் ரெண்டும் முட்டை வடிவத்துல, கல்லு போய்ச் சட்டியில முட்டிக்கிட்டு, சுவிட்சப் போட்டா பல்லக் கடிக்குற சத்தம். ஊறப்போட்ட அரிசி புளிச்சு நாறிப் போய்க் கொட்டுனேன். என் வயித்துப் பொழப்பு அது. எங்கிட்ட மாவு வாங்குனவங்க பாக்கெட்டு மாவுக்குப் போயிட்டாங்க, நான் ஒரு மெஸ்ஸுல வெங்காயம் உரிக்கப் போனேன். யாரு வேணா அகலமா இருந்துட்டுப் போங்க, என் கல்லு சுத்தணும், அதுதான் எனக்கு.

வை-ஃபை கனெக்சன் குடுத்த ரஃபீக் தம்பிய நாந்தான் கூட்டியாந்தேன். கேட்டுக்குள்ள வந்து அகலமானான், தன் வயித்தத் தொட்டுப் பாத்துக்கிட்டான், வேலையப் பாத்தான்.

"அக்கா, கேசட்டுப் படம் அகலம் நாலுன்னா உசரம் மூணு. டிவி பதினாறுக்கு ஒம்போது. இத அதுக்குள்ள திணிச்சா இழுக்கத்தான் செய்யும்" அப்படின்னான். "அதே படத்தப் போட்டு, அதுலதான் மாத்தணும். மூணு வழி இருக்கு. ஃபுல்லு, இப்ப இருக்கிறது. ஜூம் வச்சா ஆளு சரியா இருக்கும், ஆனா மேலயும் கீழயும் வெட்டுப்படும். ஒரிஜினல் வச்சா எதுவும் வெட்டுப்படாது, ஆளும் சரியா இருக்கும், ரெண்டு பக்கமும் கருப்பு விழும்."

வச்சுப் பாருன்னு சொன்னோம். முதல்ல ஜூமு வச்சான். அம்மாடி! உடம்பு பழைய அளவுக்கு வந்துச்சு, ஆனா ஒருத்தருக்கும் புருவத்துக்கு மேல இல்ல, கணுக்காலுக்குக் கீழ இல்ல. வலிக்கல, பேச முடிஞ்சுச்சு, நடக்கக்கூட முடிஞ்சுச்சு. நெத்தியில பொட்டு இருக்கான்னு தொட்டுப் பாக்க நெத்தி இல்ல. மதினி தலையில வச்ச பூவக் காணோம்னு தேடுறாங்க, பூவா காணோம், தலையே காணோம். மாத்துடா மாத்துடான்னு எல்லாரும் கத்துனோம்.

அடுத்து ஒரிஜினல் வச்சான். தலை வந்துச்சு, காலு வந்துச்சு, நாங்க நாங்களா ஆனோம். எட்டு வீட்டுலயும் ஃபேனு சுத்துச்சு. சுவிட்சப் போட்டு வச்சுட்டு வந்த என் கிரைண்டர் வீட்டுக்குள்ள கடகடன்னு ஓடுற சத்தம் கேட்டு எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆனா கேட்டு ஓரத்துல அண்ணன் வீட்டுப் பாதியும், கோடியில குளிக்கிற ரூமும், மேலருந்து கீழ வரைக்கும் கருகும்முனு இருட்டாயிருச்சு. அண்ணன் வீட்டுச் சாமி ரூமு அந்தப் பாதியிலதான் இருக்கு. விளக்க ஏத்துனா சுடர் கையில சுடுது, கண்ணுக்குத் தெரியல. அண்ணன் இருட்டுக்குள்ளருந்து தடவித் தடவி வெளிய வந்தாரு, தம்பி கையிலருந்து ரிமோட்டப் பிடுங்கினாரு, பழையபடி ஃபுல்லுக்கே மாத்தினாரு.

"என் கல்யாணப் படத்தப் போட்டு என் வீட்டச் சாவு வீடு மாதிரி ஆக்கவா? நான் இருக்க வரைக்கும் நடக்காது" அப்படின்னுட்டு ரிமோட்ட இடுப்புல செருகிக்கிட்டாரு.

அதுலருந்து அந்த ரிமோட்டு குளிக்கப் போனாலும் அவரோடதான் போச்சு. நான் வாசல்ல நின்னு வைய வேண்டிய வையெல்லாம் வஞ்சேன். மதினி சமாதானம் சொல்லி எனக்குக் காப்பி குடுத்தாங்க. காப்பியக் குடிச்சுட்டு மறுபடி வஞ்சேன்.

தை மாசம் பொங்கல் முடிஞ்சு ஒரு மத்தியானம் பூங்கோதைக்கு வலி எடுத்துச்சு. இருளப்பன் பட்டறையில இருந்தான், ஆட்டோ வர்றதுக்குள்ள பிள்ளை வந்துருச்சு. நானும் மதினியுந்தான் பாத்தோம், என் இந்த ரெண்டு கையிலதான் விழுந்துச்சு. பொம்பளப் பிள்ளை. துணியில ஏந்தித் தூக்கிப் பாத்தேன். அகலமான ரூமுக்குள்ள, அகலமான கட்டில் மேல, அகலமான என் கையில, அந்தப் பிள்ளை மட்டும் பிள்ளை மாதிரி இருந்துச்சு. உருண்ட மூஞ்சி, உருண்ட தலை. அத்தன மாசத்துல காம்பவுண்டுக்குள்ள நான் பாத்த முதல் வட்டம் அதுதான். அன்னைக்கு உள்ள இருந்ததையும், வெளியிலருந்து வந்ததையுந்தான் அந்த மாயம் இழுத்துச்சு, இவ ரெண்டுலயும் சேரலையே, அதுக்கப்புறம் இங்கயே பிறந்தவ. செண்பகவல்லின்னு பேரு வச்சாங்க, செம்பான்னு கூப்பிட்டோம். மருத்துவமனையிலருந்து நர்சம்மா வீட்டுக்கே வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னு எழுதிக்கிட்டுப் போச்சு.

எட்டு வீட்டுக்கும் அவதான் வேடிக்கை. பொழுது விடிஞ்சா அவளப் பாக்க வரிசை. கொஞ்சம் ஒல்லியோன்னு ஒருத்தர் கேக்க, ஒல்லி இல்ல, அதுதான் சரி, நம்மதான் தப்புன்னு இன்னொருத்தர் சொல்ல, அப்படியும் இருக்குமோன்னு எல்லாரும் மண்டையச் சொறிவோம். பூங்கோதை கண்ணு பட்டுரும்னு கன்னத்துல அத்தாந்தண்டி மையப் பூசி வச்சிருந்தா. அந்த மையப் பாக்கையிலதான் எனக்குப் பொறி தட்டுச்சு. நேராப் போய் அண்ணன் முன்னாடி நின்னேன்.

"அண்ணே, பச்சப்பிள்ளை கன்னத்துல கருப்பு வைக்கிறாங்களே, அது அமங்கலமா?"

"அது திருஷ்டிக்கு வைக்கிறது. அதப் போய் என்ன பேசுற நீ?"

"நம்ம காம்பவுண்டுக்கும் ரெண்டு கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வச்சதா நெனச்சுக்கங்களேன். சாமி விளக்க நடு ரூமுக்கு மாத்திக்கிட்டா என்ன, சாமி கோவிச்சுக்கிடுமா?"

மதினி உள்ளருந்து, அவ சொல்றது நாயந்தானேன்னாங்க. அண்ணன் ரெண்டு நா யோசிச்சாரு, மூணாம் நா என்னமோ அவருக்கே தோணுன மாதிரி, வர்ற ஞாயித்துக்கிழமை நல்ல நேரம் பாத்து மாத்திருவோம்னு எல்லார்கிட்டயும் அறிவிச்சாரு. நான் உளுந்தும் அரிசியும் வாங்கி வச்சேன்.

அந்த வாரத்துலதான் செம்பாவுக்கு ஊசி போடுற நா வந்துச்சு. பிறந்ததுலருந்து அவ கேட்டத் தாண்டுனதில்ல. பூங்கோதை தூக்கிட்டுக் கிளம்புனா, நான் பையத் தூக்கிட்டுப் பின்னாடி போனேன். கேட்டத் தாண்டுனோம். பூங்கோதை பழைய பூங்கோதையா ஆயிட்டா, நான் நானா ஆனேன், அவ கையில இருந்த பிள்ளை நெருங்கிப்போச்சு. ரெண்டு பக்கமும் யாரோ உள்ளங்கைய வச்சு அமுக்குன மாதிரி மூஞ்சி நீண்டு, கண்ணு ரெண்டும் கிட்டக் கிட்ட வந்து, உடம்பு புடலங்காயாட்டம். பிள்ளை அழவே இல்ல. கொட்டாவி விட்டுச்சு. பூங்கோதைதான் ஒரு சத்தம் போட்டுக்கிட்டு உள்ள ஓடினா. உள்ள வந்ததும் அதே உருண்ட மூஞ்சி, அதே மை.

அங்கயே எனக்கு விளங்கிருச்சு. நாங்க சரியானா அவ இப்படித்தான் ஆவா, உள்ளயும் வெளியயும், எப்பவும். சந்தேகத்துக்குக் காம்பவுண்டுச் சுவத்துக்கு மேலயும் ஒருதரம் தூக்கிக் குடுத்துப் பாத்தோம். சுவரும் கேட்டும் ஒண்ணுதான், சுவத்தத் தாண்டுனதும் நெருங்கிருச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை யாரும் ரிமோட்டப் பத்திப் பேசல. அடுத்த ஞாயித்துக்கிழமையும் பேசல. நர்சம்மாவக் கையக் காலப் பிடிச்சு உள்ள வரவச்சு ஊசி போட்டோம். எல்லாரும் தப்பா இருக்கோம், ஒருத்தி சரியா இருக்கா. நாங்க சரியானா அவ தப்பாகணும். இதுல எது நாயம்னு அஞ்சாம் வீட்டுக்காரரு பேப்பர்ல கோடு கோடாப் போட்டுப் பாத்தாரு, அவருக்கும் பிடிபடல. ரஃபீக் தம்பிகிட்டக் கேட்டா, படத்துல ஒரு ஆள மட்டும் தனியா மாத்த வழி இல்லக்கா, மாத்துனா எல்லாருக்கும் மாறும்னு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டான்.

சித்திரை பிறந்துச்சு. மதுரையில சித்திரை வெயிலுன்னா வெயிலு. எட்டு வீட்டுலயும் ஒரு ஃபேனு சுத்தல. அகலமான உடம்புல வேர்வையும் அகலமா ஊத்துச்சு. தெருக்குழாயில தண்ணி வர்றது நின்னு, லாரித் தண்ணிக்கு வரிசையில நின்னோம். மதினிக்கு மயக்கம் வந்து ரெண்டு தரம் விழுந்தாங்க. செம்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, விசிறி விசிறி பூங்கோதைக்குக் கை வீங்கிப் போச்சு. நான் வெங்காயம் உரிச்சு உரிச்சு, கண்ணு எரிஞ்சு அழுறேனா, மனசு எரிஞ்சு அழுறேனான்னு எனக்கே தெரியாத நெலமைக்கு வந்துட்டேன்.

கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் குழாயடியில கூடிட்டாங்க. அண்ணன் கையில ரிமோட்டு. படம் ஓடி, தாலி கட்டுற இடத்துல நிறுத்தி வச்சிருக்காரு. பூங்கோதை ஆறாவது வீட்டுக் கதவ உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டா. இருளப்பன் வாசப்படியில உக்காந்து தரையப் பாத்துக்கிட்டு இருக்கான், அவன்கிட்டக் கேட்டா, அவகிட்டக் கேளுங்கன்றான். போய்ப் பேசுன்னு எல்லாரும் என்னையத்தான் தள்ளிவிட்டாங்க, பிள்ளைய எடுத்த கையி என் கையாம்.

கதவு ஓரத்துல உக்காந்தேன். "பூங்கோதை, அக்கா வந்திருக்கேன்டி"ன்னேன்.

"உங்களுக்கு மாவு ஓடணும்" அப்படின்னா உள்ளருந்து.

ஆமா, ஓடணுந்தான்.

"ஓடணுந்தான்டி. இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். மதினி இன்னொரு தரம் விழுந்தா எந்திரிக்க மாட்டாங்க, அதுவும் உண்மை."

"எம்பிள்ளைய அப்படிப் பாத்தீங்கல்ல நீங்க. நீங்களே சொல்லுங்கக்கா. பெரியவளானா ஊரு என்ன சொல்லும் அவள? பள்ளிக்கூடத்துல என்ன சொல்லுவாங்க?"

"தெரியல" அப்படின்னேன். "எனக்கு ஒண்ணுந் தெரியல பூங்கோதை. எது சரி எது தப்புன்னு எனக்கு ஆறு மாசமாவே தெரியல."

உள்ள பிள்ளை என்னமோ தனக்குத்தானே பேசிக்கிட்டு இருந்துச்சு. நான் எந்திரிச்சுப் போய் எல்லார் முன்னாடியும், வேணாம், இப்படியே இருந்துருவோம், வெங்காயம் உரிச்சா நான் செத்தா போயிருவேன்னு சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு, யார் மேலன்னு தெரியல. அண்ணன் ரிமோட்ட இடுப்புல செருகினாரு. கூட்டம் கலையப் போச்சு.

அப்பத்தான் தாப்பா திறக்குற சத்தம் கேட்டுச்சு. பூங்கோதை பிள்ளையத் தோள்ல சாச்சுக்கிட்டு வெளிய வந்தா. மேல துண்டு போத்தல, மை பூசல. எங்கள ஒருத்தரையும் பாக்காம எங்களுக்கு நடுவுல நடந்து, கேட்டத் திறந்து, வெளிய கால வச்சா. பிள்ளை நெருங்குச்சு. அவ நிக்கல. பட்டப்பகல்ல, வெயில்ல, நேரா எதுத்த டீக்கடைக்குப் போனா. அங்க ஞாயித்துக்கிழமைக் கூட்டம், டம்ளர வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்னான். ஒவ்வொருத்தர் முன்னாடியும் போய் நின்னு, பிள்ளை மூஞ்சியத் தன் கையால அவங்க பக்கம் திருப்பிக் காட்டினா. ஒரு கிழவரு மட்டும், பேரென்னத்தான்னு கேட்டாரு. செண்பகவல்லின்னா. அப்புறம் திரும்பி வந்து கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னா.

"பாத்துட்டாங்க" அப்படின்னா. "இம்புட்டு நாளா ஒளிச்சு வச்சு நாந்தான் அவளுக்கு மொத ஆளா எதிரியா இருந்திருக்கேன்."

இருளப்பன் எந்திரிச்சு அவகிட்டப் போனான், அவ கையக் காட்டி நிறுத்திட்டா.

"இத்தன மாசம் நீங்க எல்லாரும் தப்பா இருந்தீங்க, அவ ஒருத்திதான் சரியா இருந்தா. உங்களப் பாத்து அவ ஒரு நா பயந்து அழுதிருப்பாளா? தூக்குனவங்ககிட்டயெல்லாம் போனா. இனி நீங்க எல்லாரும் சரியா இருப்பீங்க, அவ ஒருத்தி தப்பா இருப்பா. நீங்க என்ன பண்றீங்கன்னு நான் பாக்குறேன். அமுக்குங்கண்ணே."

அண்ணன் மதினியப் பாத்தாரு. மதினி சுவத்தப் பிடிச்சுக்கிட்டு, "அந்தப் பிள்ளை சொல்லுதுல்ல"ன்னாங்க. அவரு ரிமோட்ட எடுத்தாரு, தன் வீட்டுச் சாமி ரூமு இருந்த பக்கம் ஒருதரம் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு, அமுக்கினாரு.

நாங்க ஒடுங்கி எங்க அளவுக்கு வந்தோம். கேட்டு ஓரத்துல அண்ணன் வீட்டுப் பாதியிலயும் கோடியில குளிக்கிற ரூமுலயும் இருட்டு விழுந்துச்சு. எட்டு வீட்டுக்குள்ளயும் ஃபேனு சுத்த ஆரம்பிச்சுச்சு, கோடியில மோட்டார் ஓடுச்சு, தொட்டியில தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சு. ஒருத்தரும் அங்கிட்டுத் திரும்பல. பூங்கோதை அந்த இருட்டுப் பட்டைக்குள்ள நுழைஞ்சு, காணாமப் போய், இங்கிட்டு வெளிச்சத்துக்கு வந்தா. பிள்ளை அப்படியேதான் இருந்துச்சு. நெருங்கி, நீண்டு, கிட்டக் கிட்ட இருக்க ரெண்டு கண்ணால எங்கள ஒவ்வொருத்தராப் பாத்துச்சு.

அழகா இருக்கான்னு சொன்னா பூங்கோதை பொய்யின்னு கண்டுபிடிச்சுருவா. பாவம்னு சொன்னா அவ செத்துருவா. ஒண்ணும் சொல்லாம நின்னாலும் அதுவும் ஒரு சொல்லுதான். எனக்கு ஒண்ணும் புரியல, பிள்ளைய வாங்கு வாங்குன்னு மட்டும் கை சொல்லுச்சு, போய் வாங்கினேன். எடை அதே எடை. வேர்க்குரு அதே வேர்க்குரு. தோள்ல சாச்ச உடனே கைய வீசி என் காதுத் தோட்டப் பிடிச்சு இழுத்தா பாருங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு, காது அறுந்துரும்போல வலி.

"விடுடி கழுத, பிச்சுப்புடாத, இந்தத் தோடு மட்டுந்தான் மிச்சம் இருக்கு எனக்கு"ன்னு அவ கையில ஒண்ணு போட்டேன்.

அதக் கேட்டதுக்கு அப்புறந்தான் பூங்கோதை குழாயடியில உக்காந்து அழுதா.